மாநிலத்திலேயே மனநலம் மிகுந்தவன்

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குத் தங்கப் பதக்கம் கொடுப்பார்கள் என்று என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளையே என் முதல் நோயாளியாக எடுத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு அதுதான் நாட்டின் பெரிய விளையாட்டு. பெயர் நிச்சலனம். நான் அதில் நிபுணர். எல்லாம் தலையெழுத்து.

என் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நான்குவழிச் சாலையோரம் இருக்கும் ஒரு விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியல் இணைப் பேராசிரியர். பேராசிரியர் இல்லை, இணை. அந்த 'இணை'யை உதிர்ப்பதற்காக நான் எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் அதன்மேல் ஏறி நின்று ஒட்டடை அடிக்கலாம். என் துறை என்பது பல வருடங்களாக ஹாக்கி மட்டைகள் போட்டுவைக்கும் அறையில் ஒரு பாதி. மனசு சரியில்லை என்று ஒரு பிள்ளை வந்தால், மட்டைகளை நகர்த்திவிட்டுத்தான் உட்காரச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் எனக்கு 'மந்திரிக்கிற மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அணி தோற்ற மறுநாள் மட்டும் என் ஞாபகம் வரும்.

அப்புறம் வில்லை வந்தது. நகத்தளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது. நாடி, வியர்வை, மூளையின் சலசலப்பு எல்லாவற்றையும் படித்து, மனசு எவ்வளவு அலைபாய்கிறது என்று ஒரே ஒரு எண்ணாகச் சொல்லிவிடும். எண் கூடினால் பதற்றம், குறைந்தால் அமைதி. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிற வீரரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஆனால் ஒரு கபடி இறுதிப்போட்டியில் ஏதோ ஒரு தொலைக்காட்சிக்காரர் அந்த எண்ணைத் திரையின் மூலையில் போட்டுக் காட்டினார். ஜனங்கள் ரெய்டைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் எண் பெரிதாகித் திரையை நிரப்பியது, கபடி மூலைக்குப் போனது. அதற்கடுத்த வருடம் கபடியே இல்லை. களம் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

எங்கள் ஓடுதளத்தையும் அதற்காகத்தான் எடுத்தார்கள். நிச்சலனம் பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஓட்டக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து வில்லை ஒட்டிப் பார்த்தார்கள். நாற்பது, ஐம்பது என்றுதான் வந்தது. ஐயாயிரம் மீட்டர் ஓடுகிற இசக்கிராஜுக்கு மட்டும் மூன்று. பயிற்சியாளர் வேலாயுதம் வில்லை கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தன் காதில் ஒட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. திரும்பவும் பையனுக்கு ஒட்டினார். மூன்று. மனிதர் அந்த வில்லைக்கே முத்தம் கொடுத்தார்.

வேலாயுதம் முன்பு பளுதூக்குதலுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான், காதருகே நின்று கத்துவது. நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பையனிடம் போய், அமைதியாக இரு, இன்னும் அமைதி, விடாதே, அமுக்கு என்று தொண்டை கிழியக் கத்துவார். பையன் அசையமாட்டான். நானும் அதைப் பார்த்து, அடடா, என்ன ஒரு பிறவிக் கொடை என்று பூரித்துப்போயிருந்தேன்.

ஒருநாள் அவன் அம்மா பேச்சியம்மாள் சுரண்டையிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு வந்தாள். மகன் ஃபோனில் சரியாகப் பேசுவதில்லை, அதனால் நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். இங்கே அவன் என்ன செய்கிறான் என்று என்னிடம் கேட்டாள்.

"உக்காந்திருக்கான்மா" என்றேன்.

"அது தெரியுது டீச்சர். மத்தபடி?"

"மத்தபடி ஒண்ணுமில்ல. எதிர்ல ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. ரெண்டு பேர்ல யாருக்கு எண்ணு குறைச்சலோ அவங்க ஜெயிச்சாங்க. நடுவுல சீண்டுறவங்க வருவாங்க."

"சீண்டுறதுன்னா?"

"எதிரணியிலருந்து ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. சம்பளம் எவ்வளவு, இன்னும் கல்யாணம் ஆகலையா, சித்தப்பா மகனுக்கு வெளிநாட்டுல வேல கிடைச்சிருச்சாமே, அப்படியெல்லாம். அதுக்கும் எண்ணு ஏறக்கூடாது."

"எங்க தெருவுல இதத்தான் எல்லாவளும் பண்ணுதாளுவ. அதுக்கு ரூவா குடுக்காவளா?" என்றாள். கொடுக்கிறார்கள் என்றேன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சீண்டலில் பட்டயப் படிப்பு இருக்கிறது, ஓய்வுபெற்ற அக்காமார்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எம்புள்ள ஒரு நாளும் உக்காந்தவன் இல்ல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதிரசத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதை நான் அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். வேறு நினைப்பில் இருந்தேன்.

அந்த வேறு நினைப்பு என்னவென்றால், துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இசக்கிராஜ் மாநிலத் தங்கம் வாங்கினால் நிச்சலன உளவியல் மையம் என்று ஒன்று தொடங்குவார்களாம். நான்தான் தலைவர். பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வு இறுதிப்போட்டிக்கு அடுத்த வாரம், அது சும்மா பேருக்குத்தான் என்றார். எனக்கு அந்தப் பதவி மேல் ஆசை இருந்தது. ஆசை என்ன ஆசை, வெறி. என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் வேறு ஊர்களில் பேராசிரியர் ஆகி, என்னைக் கருத்தரங்குக்குக் கூப்பிட்டு சால்வை போர்த்துகிறார்கள். அந்தச் சால்வையெல்லாம் எப்படிக் குத்தும் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் பயிற்சிக்கூடத்தில் மின்விசிறி விழுந்தது.

சுழன்றுகொண்டிருந்தது அப்படியே கழன்று, காரையோடு சேர்ந்து, இசக்கிராஜின் நாற்காலிக்கு ஒரு கை தள்ளி விழுந்து சிதறியது. நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். வேலாயுதம் ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிட்டார். புழுதி அடங்கியபோது பையன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் சுண்ணாம்பு. திரையில் எண் மூன்று. முழங்கையில் ரத்தம் சொட்ட ஜன்னல் வழியாகவே திரும்பி ஏறிவந்த வேலாயுதம், "அசையல மேடம். ஒரு புள்ளிகூட அசையல" என்று சொல்லிச் சொல்லிக் குதித்தார்.

அவனை என் அறைக்கு அழைத்துவந்து தலையிலிருந்த காரையைப் பொறுக்கினேன். பேச்சுக்குத்தான் கேட்டேன், பயமாக இல்லையா என்று. இல்லை என்றான். தலைமேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன்.

"விழட்டும்னுதான் மேடம் இருந்துச்சு."

சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வோம் இல்லையா, அந்தக் குரலில் சொன்னான். எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் படித்து, படிப்பித்து, கட்டுரை எழுதி, கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தெரியவில்லையே.

வில்லை சத்தத்தைத்தான் அளக்கிறது. சத்தமில்லாத வீட்டில் ஆட்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டும் இருக்கலாம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயும் இருக்கலாம். வாசலில் நின்று காது கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கேட்கக் கேட்க அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சாப்பாடு எதுவும் ருசிப்பதில்லை. விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறான். அம்மா ஃபோன் பண்ணினால் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"தடத்துல கோட்ட அழிச்சு காருக்குக் கோடு போட்டாவல்லா, அதுலருந்து."

அன்றைக்கே அவனை நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனநலப் பிரிவில் டோக்கன் கேட்டால், முகப்பிலிருந்த பெண் அவன் வில்லையைப் படித்துவிட்டுத் திகைத்தாள். அறுபதுக்கு மேல் இருந்தால்தான் டோக்கன் விழுமாம். மூன்று என்று போட்டால் கணினி அவனுக்கு வாழ்த்துச் சொல்கிறது. இவ்வளவு ஆரோக்கியமான ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி அவள் அவனோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். நான் அவளிடம் சண்டை போட்டேன். போட்ட சண்டையைப் பார்த்து என் காதிலும் ஒரு வில்லையை ஒட்டினார்கள், எண்பத்து நான்கு. உடனே எனக்கு டோக்கன் கொடுத்துவிட்டார்கள். என் டோக்கனில் இருவரும் உள்ளே போனோம்.

நல்லவேளையாக உள்ளே இருந்த மருத்துவர் பழைய காலத்து மனுஷர். திரையைத் திருப்பி வைத்துவிட்டுப் பையனிடம் நிதானமாகப் பேசினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இது அமைதி இல்லை, நல்ல முற்றிய மனச்சோர்வு என்றார். மருந்தை ஒருநாளும் விடக்கூடாது, வாராவாரம் தன்னிடம் வர வேண்டும், தனியாக விடக்கூடாது, ஓடவிடுங்கள் என்றார். இதெல்லாம் செய்தால் அவன் எண் ஏறும், பரவாயில்லையா என்றும் கேட்டார். ஏறினால்தான் பிழைப்பான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துணைவேந்தரிடம் போய்ச் சொன்னேன். மனநல விடுப்பு வேண்டும், போட்டியிலிருந்து விலக்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து வந்து சுவரில் இருந்த சுவரொட்டியைக் காட்டினார். மாநிலத்திலேயே மனநலம் மிகுந்த இளைஞர் என்று இசக்கிராஜின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, பேருந்து நிலையம் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்களாம். மனநலம் என்றால் குறைந்த எண் என்று விதியில் எழுதியிருக்கிறது, மூன்று எடுக்கிறவனுக்கு எந்த விதியில் விடுப்பு கொடுப்பது என்றார். அந்த நோய் எனக்கு வந்தால் தேவலை, எனக்கு எழுபதுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது என்று பெருமூச்சு வேறு விட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, போட்டிக்கு முன்னால் அந்தப் பையனின் எண் ஏறினால் அது உங்கள் கைவரிசை என்றுதான் எடுத்துக்கொள்வேன், நேர்முகத் தேர்வை மறந்துவிடலாம் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது வேலாயுதம் வந்தார். அவரிடமும் சொன்னேன். மனிதர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு கெஞ்ச ஆரம்பித்தார்.

"ரெண்டே வாரம் மேடம். ஃபைனல் முடியட்டும். அப்புறம் நீங்க மருந்து குடுங்க, மாத்திரை குடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. நான் கேக்கமாட்டேன்."

"அந்த ரெண்டு வாரம் அவன் இருப்பானா சார்?"

வேலாயுதம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் கத்தாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சொன்னேனா அவருக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை, ஆனால் அதைச் சொன்ன பிறகு எனக்கும் கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் கார்களுக்கு நடுவே இசக்கிராஜ் ஓடினான். பின்னாலேயே மொபெட்டில் வேலாயுதம். பேச்சியம்மாளை வரவழைத்து விடுதியின் விருந்தினர் அறையில் தங்கவைத்தோம். ராத்திரி மகனுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். முதல் சில நாள் அவன் காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினான். எண் மூன்றிலேயே நின்றது. நான் ஜெபம் பண்ணினேன், வேலாயுதம் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டார். இருவரும் வேண்டியது ஒன்றுதான், எப்படியாவது இந்தப் பயலுக்குக் கொஞ்சம் பதற்றம் வரட்டும் சாமி என்று.

பிறகு ஒருநாள் மத்தியானம் வேலாயுதம் ஃபோனில், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் ரகசியமாக, "மேடம், ஏழு" என்றார். இரண்டு நாள் கழித்து விடுதிச் சாம்பாரில் உப்பில்லை என்று பையன் தட்டைத் தள்ளிவிட்டான். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் குளியலறை வாளிக்காகப் பக்கத்து அறைப் பையனோடு மல்லுக்கட்டி, வாடா போடா என்று பேசி, எண் முப்பத்திரண்டைத் தொட்டது. வேலாயுதம் போய் விடுதி முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னார். அவருக்கு மகளே கிடையாது.

போட்டிக்குப் போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று நான் பையனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஓட்டத்தில் தான் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை என்றான். முகத்தில் ஒரு பிடிவாதம் தெரிந்தது. பிடிவாதம் வந்துவிட்டதே, இனி தடுக்க நான் யார் என்று விட்டுவிட்டேன். மருத்துவரும் சரி என்றார், தான் ஃபோனில் இருப்பதாகவும் சொன்னார்.

இறுதிப்போட்டி திருச்சியில். அரங்கு கொள்ளாத கூட்டம். மேளம் என்ன, விசில் என்ன, எங்கள் பையன் எங்கேயும் அசையமாட்டான் என்று பாட்டு என்ன. எதிர் நாற்காலியில் கோயம்புத்தூர் நிவேதனா. மூன்று வருடமாக அவள்தான் தங்கம். 'கல்லு' என்றுதான் ரசிகர்கள் கூப்பிடுவார்கள். எங்கள் சீண்டுநர் போய் அவளிடம் கல்யாணம், கடன், நிறம், மாமியார் என்று என்னென்னவோ பேசிப் பார்த்தார். திரையில் இரண்டு. அப்படியே நின்றது. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது.

இசக்கிராஜ் இருபத்தெட்டில் தொடங்கினான். கூட்டம் ஊளையிட்டது. முதல் வரிசையில் துணைவேந்தர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். கோயம்புத்தூர் அணியின் சீண்டுநர் அக்கா அனுபவசாலி. சம்பளம், கல்யாணம் எதையும் தொடவில்லை. அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரொம்பப் பிரியமாக, ஓடுகிறபோது கடைசிச் சுற்றில் மணி அடிப்பார்களாமே, அது கேட்டதும் என்ன செய்வாய் தம்பி என்று கேட்டாள்.

பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். விதிப்படி பேசத் தேவையில்லை. ஆனால் அவன் பேசினான், ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"மணி அடிச்சதும் காலு தானா நீளும் அக்கா. எங்கம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துவா. எனக்கு அவ குரலு மட்டும் தனியாக் கேக்கும்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, ஓவென்று அழுதான். தொண்ணூற்றாறு. நிச்சலன வரலாற்றிலேயே யாரும் எடுக்காத எண். மேளம் நின்றுவிட்டது. ஆறாயிரம் பேர் ஒரு பையன் அழுவதை வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் மட்டும் எழுந்து, ஏலே ராசா, அழுலே, நல்லா அழு என்று கத்திக்கொண்டிருந்தாள். சீண்டுநர் அக்கா தன் வேலையை மறந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதற்காக அவளுக்கு அபராதம் போட்டார்கள்.

அவன் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தோத்துட்டேன் மேடம்."

"ஆமா."

"வலிக்குது மேடம்" என்றான். நெஞ்சில் கை வைத்து, தொலைத்த சாமானைக் கண்டெடுத்தவன்போல் ஆச்சரியத்தோடு இன்னொரு தடவை சொன்னான். "நெசமாவே வலிக்குது." நான் அவனைக் கட்டிக்கொண்டேன். வேலாயுதம் எங்களுக்குப் பின்னால் நின்று கைக்குட்டைக்குள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

துணைவேந்தர் போகிறபோக்கில் என் அருகே ஒரு நிமிடம் நின்றார். அடுத்த வாரம் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. அரங்குக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் வலித்தது, நன்றாகவே வலித்தது.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலையும்போது யாரோ எதிரே வந்து நின்றார்கள். நிவேதனா. கழுத்தில் தங்கப் பதக்கம், கையில் யாரோ கொடுத்த பூங்கொத்து. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

வாழ்த்துகள் என்றேன். நன்றிங்க மேடம் என்றாள். போகவில்லை. எப்படி இருக்கிறது, மறுபடியும் ஜெயித்துவிட்டாயே என்று கேட்டேன். அவள் பதக்கத்தை எடுத்துப் பார்த்தாள், யாருடையதோ போல.

"தெரியலீங்க மேடம். மூணு வருசமா எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. எனக்குத் தெரியலீங்க." சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பையன் அழுதானுங்களே. அந்த மாதிரி அழோணும்னா நான் எங்கீங்க வரோணும்?"

நான் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். அவள் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அவளுக்குப் பின்னால் வெண்கலம் வாங்கிய பையனும் தன் முறைக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தான்.